முடியின் மந்திரியும் அடங்காப்பற்றின் வாக்கும்

வன்னியிலிருந்து பாராளுமன்றஞ் செல்லும் உறுப்பினர் மந்திரிப் பதவி ஏற்கலாமா, ஆகாதா என்ற வினா பொதுத்தேர்தல் தோறும் எழுகின்றது. மேடையேறுவோரில் ஒரு சாரார் பதவி ஏற்பதே துரோகம் என்பர். மறுசாரார், பதவியின்றிப் பாதை ஏது, பாலம் ஏது, குளத்துக்குக் கட்டு ஏது என்பர். வாக்கெண்ணி முடிந்ததும் வாதம் அடங்கிவிடும். அடுத்த தேர்தலில் அதே வாதம் அதே சொற்களோடு திரும்பி வரும். வவுனியாத் தொகுதியின் முதற் பாராளுமன்ற உறுப்பினரே ஒரு மந்திரியாயிருந்தார் என்பதையும், பதினைந்து மாதங்களுள் அப்பதவியைத் துறந்து வெளியேறினார் என்பதையும் இவ்வாதத்தில் எவரும் எடுத்துக்காட்டக் கேட்டிலேன். வழக்கு நடத்துவோன் முதலில் முன்தீர்ப்பைத் தேடுவான். நமக்கொரு முன்தீர்ப்பு நம் வீட்டிலேயே கிடக்கின்றது. அதனைத் தூசு தட்டிப் படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வவுனியா மக்கள் எந்தக் கட்சிக்கும் வாக்களித்தாரல்லர். சுயேச்சையாக நின்ற திரு. செ. சுந்தரலிங்கத்தைத் தெரிந்து அனுப்பினர். அன்றைய வவுனியாத் தொகுதி இன்றைய முல்லைத்தீவையும் தன்னுள் அடக்கியது என்பதை இளைஞர் நினைவிற் கொள்க. முல்லைத்தீவுக்குத் தனித்தொகுதி கிடைத்தது 1977இல். கிளிநொச்சிக்குக் கிடைத்தது 1960இல். ஆகவே, பெருங்காட்டையும் சிறு குளங்களையும் சிதறிய ஊர்களையும் கொண்ட ஒரு பெருநிலப்பரப்புக்கு அவர் ஒருவரே வாய். இத்தகைய தொகுதி அமைந்தமைக்குக் காரணம் சோல்பரி யாப்பின் தொகுதிக் கணக்கு. எழுபத்தையாயிரம் மக்களுக்கு ஓர் உறுப்பினர் என்பதோடு, ஆயிரம் சதுரமைல் நிலத்துக்கு ஓர் உறுப்பினர் என்றும் அக்கணக்கு வகுத்தது. தலையெண்ணிக்கை ஒன்றே அளவாயிருந்திருப்பின் காட்டுக்கும் குளத்துக்கும் நடுவில் வாழ்ந்த நம் முன்னோருக்குத் தனிக்குரல் கிடைத்திராது.

அக்குரலாய் அமைந்தவர் சாமானியர் அல்லர். 1895இல் உரும்பிராயிற் பிறந்தவர், ஒக்ஸ்போர்டிற் கணிதங் கற்றவர், இந்திய சிவில் சேவைப் பரீட்சையிற் தேறியும் அவ்வழியே செல்லாமற் கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் உப அதிபராய் அமர்ந்தவர், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர், நியாயவாதி. பௌத்த சிங்களரின் முதன்மைக் கல்லூரியிலே ஒரு யாழ்ப்பாணத்துச் சைவர் உப அதிபராயிருக்க முடிந்த காலமொன்று இந்நாட்டில் இருந்தது.

கணிதம் என்றதும் 1936ஆம் ஆண்டை விட்டுவிட்டுப் போக இயலாது. டொனமூர் யாப்பின் கீழ் அரசாங்க சபையில் தெரிவானோர் 50 பேர், நியமனம் பெற்றோர் 8 பேர். இவர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாய்ப் பிரிவர். குழு தெரியும் தலைவரே மந்திரி. குழுவொன்றுக்கு எட்டுப் பேர் அளவில் வருவர். அதில் ஐவர் ஒருமித்தால் தலைவர் அவர்கள் கையில். ஏழைந்து முப்பத்தைந்து. முப்பத்தைந்து பேரை முன்கூட்டியே கணக்கிட்டுப் பகிர்ந்து அமர்த்தினால் ஏழு மந்திரிகளும் ஓரினத்தவராவர். 1931இல் பெரி சுந்தரமும் மாக்கான் மாக்காரும் அமர்ந்திருந்த மந்திரிசபை, 1936இல் முழுதும் சிங்கள மந்திரிசபையாயிற்று. அக்கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் நம் கணிதப் பேராசிரியரே என்று அரசியல் வரலாறு எழுதினோர் கூறுவர். மந்திரிகள் ஒருமுகமாய் நின்று கேட்டால் வெள்ளைக்காரன் கூடுதல் உரிமை தருவான் என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். 1942இல் அருணாசலம் மகாதேவா உள்நாட்டு மந்திரியாகும்வரை தமிழன் ஒருவனுக்கும் அச்சபையில் இடமில்லை.

இதனைச் சுட்டுவது அவரைப் பழிப்பதற்கன்று. சிங்களத் தலைவர்களுடன், சிறப்பாக டி. எஸ். சேனநாயக்காவுடன், அவர் கொண்டிருந்த நட்பும் நம்பிக்கையும் எவ்வளவு ஆழமானவை என்பதை உணராவிடின் பின் நிகழ்ந்த முறிவின் கனத்தையும் உணர முடியாது. கணக்கைப் போட்டவருக்கு அக்கணக்கின் விடை தம்மீதே வந்து விடியும் என்பது தெரியாமற் போயிற்று.

1947 செப்டம்பரில் அவர் வர்த்தக வாணிப மந்திரியானார். மன்னாரிலிருந்து சுயேச்சையாகத் தெரிவான திரு. சி. சிற்றம்பலம் தபால் தந்தி மந்திரியானார். வன்னிப் பெருநிலத்தின் இரு தொகுதிகளும் மந்திரிமாரைப் பெற்றன! அன்றைய கமக்காரர் மகிழ்ந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. இருவரும் என்ன நிபந்தனையின் மீது பதவி ஏற்றனர்? தமிழ் மக்கள் முன் வைக்கப்பட்ட எழுத்து எதுவுமில்லை. நல்லெண்ணமே நிபந்தனை, சேனநாயக்காவின் வாக்கே உறுதி. காணி வாங்குவோர் உறுதி எழுதாமற் கைக்காசைக் கொடுப்பதில்லை. நாடு வாங்கப் போனவர்கள் கொடுத்தார்கள்.

முடி என்ற காவல்

இங்கே முடியாட்சியின் இயல்பைச் சிறிது விளக்க வேண்டும். 1948 பெப்ரவரி 4 முதல் 1972 மே 22 வரை இந்நாடு குடியரசு அன்று. பிரித்தானிய முடியைத் தலையாய்க் கொண்ட டொமினியன். முதலில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர், 1952 முதல் எலிசபெத் மகாராணியார். அவர்கள் பெயரால் மகா தேசாதிபதி ஆண்டார். மந்திரிமார் முடியின் ஊழியர். சட்டங்கள் முடியின் பெயரால் ஒப்பம் பெற்றன. சிறுபான்மையோர் பலரின் நெஞ்சில் இதனால் ஒரு நம்பிக்கை இருந்தது. பெரும்பான்மை வரம்பு மீறினால் மேலே முடி இருக்கின்றது, இலண்டனிற் கோமறை மன்றம் இருக்கின்றது, யாப்பில் 29ஆம் பிரிவு இருக்கின்றது என்று நம்பினர். அப்பிரிவின் இரண்டாம் உட்பிரிவு தெளிவானது. ஓர் இனத்தவருக்கோ மதத்தவருக்கோ பிறர்க்கில்லாத தடையை விதிக்கும் சட்டமும், பிறர்க்கில்லாத சலுகையை வழங்கும் சட்டமும் ஆகா, ஆக்கினாற் செல்லாது.

ஆனால் அதே யாப்பின் 4ஆம் பிரிவைப் படித்தவர் சிலரே. மகா தேசாதிபதி தம் அதிகாரங்களை இங்கிலாந்தின் அரசியல் மரபுப்படியே செலுத்துவார் என்றது அது. அஃதாவது, பிரதம மந்திரி சொன்னபடி ஒப்பமிடுவார். பாராளுமன்றம் நிறைவேற்றிய மசோதா ஒன்றுக்கு முடியின் பெயரால் ஒப்பம் மறுக்கப்பட்டதாக அந்த இருபத்துநான்கு ஆண்டு வரலாற்றில் இல்லை. துருசின் திறப்பு வட்டவிதானையார் கையில் இருக்கின்றது என்று கமக்காரன் நம்பியிருக்க, அவரோ மேல்வயற்காரன் சொன்னபோதெல்லாம் திறந்து சொன்னபோதெல்லாம் மூடினால், குளத்தில் எவ்வளவு நீர் நின்றென்ன?

1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கச் சட்டம். பிறப்பினாற் பிரசை என்பது போய், தந்தையோ பாட்டன் பூட்டனோ இங்கு பிறந்ததை நிறுவ வேண்டும் என்றாயிற்று. தேயிலைத் தோட்டத்து லயத்திற் பிறந்த தொழிலாளிக்குப் பாட்டனின் பிறப்புப் பத்திரம் எங்கே கிடைக்கும்? ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மலையகத் தமிழர் நாடற்றோராயினர். அச்சட்டத்தைக் கொணர்ந்த மந்திரிசபையில் வவுனியாவின் உறுப்பினரும் மன்னாரின் உறுப்பினரும் இருந்தனர். இதனை மறைத்து எழுதுவோர் வரலாறு எழுதுவோரல்லர்.

அவ்வாண்டு டிசம்பரில் இந்திய பாகிஸ்தானிய வாசிகள் பிரசாவுரிமை மசோதா சபைக்கு வந்தது. மணமானவர் ஏழாண்டு, மணமாகாதவர் பத்தாண்டு இடையறாது வசித்ததை நிறுவினாற் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது அது. கொடுப்பது போற் காட்டி மறுக்கும் வழி. இம்முறை சுந்தரலிங்கம் அரசுடன் நிற்கவில்லை. மந்திரிப் பதவியைத் துறந்தார். அதே மசோதாவை, செப்டம்பரில் அரசிற் சேர்ந்து கைத்தொழில் கடற்றொழில் மந்திரியான திரு. ஜி. ஜி. பொன்னம்பலம் ஆதரித்தார். தமிழ்க் காங்கிரஸ் பிளவுபட்டது. அப்பிளவிலிருந்து 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்தது. திரு. சிற்றம்பலம் பதவியில் இருந்து 1952 தேர்தலில் மன்னாரைத் தோற்றார். திரு. பொன்னம்பலத்தை 1953இற் சேர் ஜோன் கொத்தலாவலை பதவியிலிருந்து நீக்கினார். மூன்று தமிழ் மந்திரிகள். ஒருவர் துறந்தார், ஒருவரை மக்கள் நீக்கினர், ஒருவரைப் பிரதமர் நீக்கினார்.

துறந்தவரின் துறவைப் போற்றுவோம். எனினும் ஒரு வினாவைக் கேட்காதிருக்க இயலவில்லை. ஆகஸ்டில் தலையைக் கொய்த சட்டத்தின்போது இருந்தவர், டிசம்பரில் வாலை நறுக்கிய மசோதாவின்போது எழுந்ததேன்? என் கருத்து இது. மந்திரிசபையுள் இருந்து திருத்தலாம் என்று அவர் மெய்யாகவே நம்பினார். இரண்டாவது மசோதாவில் திருத்தம் வருமென்று காத்திருந்தார். வராதபோதுதான் தம் எண்ணிக்கை ஒன்று, எதிரே பத்துக்கு மேல் என்பது அவருக்கு உறைத்தது. 1936இற் பிறருக்காகப் போட்ட கூட்டலை 1948இல் தமக்காகப் போட்டுப் பார்த்தார்.

இலண்டனிலிருந்த காவலும் விரைவில் வெளுத்தது. வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்ட மலையகத் தமிழர் கோடாக்கன்பிள்ளை தொடுத்த வழக்கில், இச்சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு முரணானவை, செல்லா என்று இடாப்பை ஆராய்ந்த அலுவலர் தீர்த்தார். உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1953இற் கோமறை மன்றம் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. தன் பிரசைகள் யாவர் என்று வரையறுப்பது எந்நாட்டுச் சட்டசபைக்கும் இயல்பான தொழில் என்றும், சட்டத்தின் சொற்களில் இனப்பெயர் இல்லை என்றும் நியாயங் கூறிற்று. இனப்பெயரை எழுதாமலே ஓரினத்தை வெட்டலாம் என்ற வித்தை அன்று முடியின் முத்திரை பெற்றது. 1947இல் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் பலர் பாராளுமன்றஞ் சென்றனர். 1952இல் ஒருவருமில்லை. அவர்களின் தலைகளை எண்ணி வகுத்த தொகுதிகளோ அப்படியே இருந்தன. பிறர் சென்று அமர்ந்தனர்.

காபூல் மன்னனின் பேனா

கொழும்பின் முடி பொம்மை முடி. உண்மையிலேயே ஆளும் மன்னன் இருந்திருப்பின் சிறுபான்மைக்கு நீதி கிட்டியிருக்கும் என்று சில முதியோர் இன்னமும் சொல்வதுண்டு. அவர்கள் ஆப்கானிஸ்தானத்தை நோக்குக. அங்கே சாகிர் ஷா பெயருக்கு மட்டும் மன்னராயிருக்கவில்லை. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரும் மைத்துனருமான தாவூத் கான் 1953 முதல் பத்தாண்டு பிரதமராயிருந்தார். பஷ்தூன் மக்களுக்குத் தனிநாடு என்ற கோரிக்கையை முன்வைத்துப் பாகிஸ்தானுடன் முரண்பட்டார். 1961இல் எல்லை மூடப்பட்டது. முந்திரியும் மாதுளையும் விளைத்த விவசாயிக்குச் சந்தை அடைபட்டது. 1963 மார்ச்சில் தாவூத் பதவி நீங்கினார். 1964ஆம் ஆண்டு யாப்பு, அரச குடும்பத்தார் எவரும் பிரதமராகலாகாது என்று விதித்தது. அதன்பின் வந்த பிரதமர்களுள் ஒருவர் முகம்மது ஹாஷிம் மைவந்த்வால் என்னும் பஷ்தூன். பத்திரிகையாளராயிருந்து தூதராகி, 1965இல் மாணவர் மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்த கொந்தளிப்பின் பின் பிரதமரானவர். பதவியேற்றதும் பல்கலைக்கழகத்துக்கே சென்று மாணவர் முன் நின்றார். அரசியலை மாளிகையிலிருந்து மக்களிடம் கொண்டுவரக் கட்சி ஒன்று வேண்டுமென்று கண்டு, கட்சியும் அமைத்தார்.

ஆனால் கட்சிகளை ஏற்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியும் மன்னர் ஒப்பமிடவில்லை. மறுக்கவுமில்லை, பேனாவை எடுக்கவில்லை, அவ்வளவே. சட்டத்தின் கண்ணில் கட்சி இல்லாத நாட்டில் ஒரு கட்சித் தலைவராய் மைவந்த்வால் நின்று, 1969 தேர்தலில் தோற்றார். 1973 ஜூலையில், மன்னர் இத்தாலியில் இருந்தபோது, அதே தாவூத் படையின் துணையோடு முடியாட்சியை ஒழித்துத் தாமே தலைவரானார். சதி செய்தாரெனச் சிறையிடப்பட்ட மைவந்த்வால் அவ்வாண்டே காவலில் மாண்டார். 1978இல் மற்றொரு படைப்புரட்சியில் தாவூதும் குடும்பத்தோடு கொல்லப்பட்டார்.

கொழும்பில் முடியின் பேனா எதற்கும் ஒப்பமிட்டது. காபூலில் வேண்டிய ஒன்றுக்கு ஒப்பமிடவில்லை. இரண்டிடத்தும் அகப்பட்டவர்கள், தமக்கெனச் சட்ட பலமுள்ள ஒரு தளமின்றி மேலிருப்பவரின் மனப்பாங்கை நம்பிய அரசியலாளரே. சுந்தரலிங்கம் சிறையில் மாளவில்லை; எண்பத்தொன்பது வயதுவரை வாழ்ந்து 1985இல் மறைந்தார். அவ்வளவு வேற்றுமை உண்டு. அதனைச் சிறிதென்று சொல்ல மாட்டேன்.

பதவியைத் துறந்த பின் அவர் வாழ்வு எதிர்ப்பின் வாழ்வாயிற்று. 1951இற் சிங்கக் கொடியின் பொருட்டும், 1955இற் சிங்களம் மட்டும் என்ற கொள்கையின் பொருட்டும் தம் ஆசனத்தை இழந்தார். இருமுறையும் இடைத்தேர்தலில் வவுனியா மக்கள் அவரையே திருப்பி அனுப்பினர். வன்னிக்கு அடங்காப்பற்று என்பது பழம்பெயர். அவருக்கு அடங்காத் தமிழர் என்பது மக்களிட்ட பெயர். இரண்டும் பொருந்தின. 1956இற் சிங்களம் மட்டும் சட்டமான பின், சமஷ்டி போதாது, தனியரசே வழி என்ற முடிவுக்கு வந்து 1959இல் ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணி கண்டார். ஆனால் 1960 மார்ச்சில் அதே வவுனியா மக்கள் அவரைக் கைவிட்டு, திரு. தா. சிவசிதம்பரத்தைத் தெரிந்தனர். கமக்காரர் நன்றி மறந்தனர் என்று சிலர் எழுதினர். நான் அவ்வாறு கொள்ளேன். பதின்மூன்றாண்டு அவர்கள் பொறுத்தனர். கொடிக்கும் மொழிக்கும் ஆசனத்தை விட்டெறிந்த தலைவரிடம் வாய்க்காலுக்கும் வைத்தியசாலைக்கும் என்ன செய்தீர் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில், தாழ்த்தப்பட்டோர் எனத் தள்ளிவைக்கப்பட்ட தமிழர் உள்ளே வழிபடக் கேட்டு நின்றபோது, அவர்களைத் தடுத்து நின்றவர் இதே சுந்தரலிங்கம். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்கு நடந்தது. லயத்துத் தமிழனின் வாக்குரிமைக்காக மந்திரிப் பதவியை எறிந்தவர், ஊர்த் தமிழனின் வழிபாட்டுரிமைக்கு வாசலை அடைத்தார். வயதின் பிழை என்பாருமுண்டு, ஆகம பக்தி என்பாருமுண்டு. 29ஆம் பிரிவு பெரும்பான்மைக்கு விதித்த வரம்பை அவர் தம் சாதிக்கு விதித்துக்கொள்ளவில்லை என்பதே நான் காணும் உண்மை. அவர்தம் துறவைப் போற்றும் மேடைகளில் இதனையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர்க்குப் பின் முடியின் கீழ் மந்திரியான இன்னொரு தமிழரையும் நோக்குவோம். 1965இல் டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டனர். அதன் பேரில் செனற் சபை உறுப்பினர் திரு. மு. திருச்செல்வம் உள்ளூராட்சி மந்திரியானார். 1947இல் இல்லாத எழுத்து இம்முறை இருந்தது. மாவட்ட சபை மசோதா என்னவாயிற்று? கைவிடப்பட்டது. திருக்கோணேசுவரச் சூழலைப் புனித பூமியாக்க ஆராயுமாறு மந்திரி அமைத்த குழுவையும் பிரதமர் நிறுத்தினார். 1968இல் திருச்செல்வம் விலகினார். எழுத்தும் போதவில்லை. சட்டமாகாத ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றிலும் வைத்து வாதாட இயலாது.

சட்டமாயிருந்த 29ஆம் பிரிவேனும் வாதாடப்பட்டதா? கோடீஸ்வரன் வழக்கை நினைவு கூர்க. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராயிருந்த தமிழர். சிங்களப் பரீட்சை எழுதாமையாற் சம்பள ஏற்றம் மறுக்கப்பட்டவர். 1964இல் மாவட்ட நீதிபதி டி கிறெற்சர், அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்த்தார். உயர் நீதிமன்றமோ மொழிப் பிரச்சினையைத் தொடவேயில்லை. அரச ஊழியன் சம்பளத்துக்காக முடியின் மீது வழக்குத் தொடர முடியாது என்று கூறித் தள்ளியது. காவல் என்று நாம் நம்பிய அதே முடி, கேடயமாய் எதிர்த்தரப்பின் கையில்! 1969இற் கோமறை மன்றம் அத்தீர்ப்பை மாற்றி, மொழிப் பிரச்சினையை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஆராய்வதற்குள் இலண்டன் மேன்முறையீடு ஒழிந்தது. 1972 மே 22இல் முடியும் ஒழிந்தது, 29ஆம் பிரிவும் ஒழிந்தது. விடை இன்றுவரை கிடைக்கவில்லை.

முடி போன பின்னும் ஒப்பமிடும் பேனா போகவில்லை. 13ஆம் திருத்தத்தின் கீழ் மாகாண சபை நிறைவேற்றும் நியதிச் சட்டத்துக்கு ஆளுநர் ஒப்பமிட வேண்டும். ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. வட மாகாண சபைத் தேர்தல் 2013 செப்டம்பர் 21இல் நடந்தது. ஐந்து நாளின் பின், செப்டம்பர் 26இல், அரச காணி மத்தியின் கையிலேயே உள்ளது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வன்னியிற் காணி என்றாற் பெரும்பாலும் அரச காணி என்பது கமக்காரருக்குத் தெரியும். வாக்களித்த மையின் ஈரம் காயுமுன் காணி கைநழுவியது. அச்சபையின் காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்தது.

அண்மையில் ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரர் கூட்டமொன்றில் முதியவர் ஒருவர் எழுந்து, “தம்பி, பழங்கதையை விடுங்கோ. எங்கட ஆள் மந்திரியானால் எங்கட குளத்துத் துருசு திருத்துப்படுமோ, படாதோ?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. படும் என்றே விடையளித்தேன். ஒரு துருசு திருத்த ஒரு மந்திரியால் முடியும். அக்குளத்தின் கீழுள்ள காணி எவர் பெயரிற் பதிவு, அடுத்த அரசில் வன இலாகா எல்லைக்கல் எங்கே நடப்படும் என்பவற்றைத் தனியொரு மந்திரியால் தடுக்க முடியாது. சபையில் ஒன்றுக்குப் பத்து என்ற கூட்டல் 1948இல் இருந்தவாறே இருக்கின்றது.

பதவி ஏற்பதே ஆகாது என்பார் கட்சியில் நானில்லை. எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து நாற்பதாண்டு முழங்கினும் சட்டத்தில் ஒரு வரி மாறாமற் போகலாம். சட்டத் தொழிலில் முன்நிபந்தனை என்று ஒன்றுண்டு. அது நிறைவேறிய பின்னரே உடன்படிக்கை உயிர்பெறும். 1947இல் நிபந்தனை இல்லை. 1965இல் நிபந்தனை இருந்தது, ஆனால் பதவி முன்னே வந்தது, நிறைவேற்றம் பின்னே வருமென்று விடப்பட்டது. இனி வன்னியின் உறுப்பினர் மந்திரியாவதாயின் முறை மாற வேண்டும். கேட்பது சட்டமாக நிறைவேறி, வர்த்தமானியில் வெளியான பின்னரே பதவிப் பிரமாணம். அதுவரை அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு, அவ்வளவே. பதவி காத்திருக்காது, வேறொருவர் ஏறிவிடுவார் என்று அஞ்சுவோர் உண்டு. ஏறட்டும். ஏறியவரின் கதையை மேலே பார்த்தோம்.

எதனை முதலிற் கேட்பது? இங்கேதான் நம் சொந்த வீட்டை நோக்க வேண்டியிருக்கின்றது. 1948இல் எந்த மக்களின் பொருட்டு வவுனியாவின் மந்திரி பதவியைத் துறந்தாரோ, அம்மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று வன்னியின் குடிகள். எழுபதுகளின் பஞ்சமும், 1977ஆம் ஆண்டு வன்செயலும் அவர்களைத் தோட்டங்களிலிருந்து துரத்தின. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டினர், கிணறு தோண்டினர், போரின் எல்லா இடப்பெயர்வுகளையும் நம்மோடு சுமந்தனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோர்க்கும் பிரசாவுரிமை அளித்தது. ஐம்பத்தைந்தாண்டுக்குப் பின்! ஆயினும் அவர்களுட் பலர் இருக்கும் காணி மேட்டுக்காணி; வாய்க்கால் எட்டாதது. பலர் கையில் அனுமதிப்பத்திரமும் இல்லை. இருப்பவரின் பத்திரமும் தந்தை பெயரில், தாய் பெயரில், இறந்தவர் பெயரில். நீர்ப்பங்கு பேசும் சிறுபோகக் கூட்டத்தில் அவர்களுக்கு வாயில்லை. இதனைக் கொழும்பு செய்யவில்லை. குளத்தடியிற் பழங்குடி என்று உரிமை பேசும் நாம் செய்கின்றோம். அவர்களை எந்தச் சொல்லால் நம்மவர் அழைக்கின்றனர் என்பதை இப்பத்திரிகையில் எழுத விரும்பவில்லை, வாசகர் அறிவர்.

ஆகவே என் கட்சிக்காரர்முன் நான் வைக்கும் முதல் நிபந்தனை, வன்னியில் பத்தாண்டு குடியிருந்து பயிரிடும் எக்குடும்பத்துக்கும் அக்காணியின் உறுதி, கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும் என்ற சட்டம். இரண்டாவது, வன இலாகாவும் படைத்துறையும் 2009இன் பின் எல்லையிட்ட வயற்காணிகளை அளந்து, உரியவரிடம் ஒப்படைக்கும் நாளைச் சட்டத்திலேயே குறித்தல். மூன்றாவது அரசிடம் கேட்பதன்று. நம் கமக்காரர் அமைப்புகளிடம் கேட்பது. மேட்டுக்காணிக் குடிகளை உறுப்பினராய்ச் சேர்த்து, வரும் சிறுபோகத்துக்கு நீர்ப்பங்கு தீர்மானிக்கும் கூட்டத்தில் அவர்களையும் அமர்த்துதல். இதற்கு ஜனாதிபதியின் ஒப்பமும் வேண்டாம், ஆளுநரின் பேனாவும் வேண்டாம். அமைப்பின் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். தீர்மான வரைவு என்னிடம் உண்டு. கேட்கும் அமைப்புகளுக்கு அனுப்பி வைப்பேன். அழைத்தால் நேரில் வந்து விளக்கவும் ஆயத்தமாயுள்ளேன்.